பழுது பார்ப்பவரின் நேர்மை

பயன் முடிந்துவிட்ட ஒரு பொருளை என்ன செய்வது? ஓடாத கடிகாரத்தையும் ஓட்டை விழுந்த குடத்தையும் பரணில் ஏற்றுகிறோம். பரணும் நிறைந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறோம். இதில் குற்றமொன்றுமில்லை. எல்லாவற்றையும் காத்துவைக்க எவராலும் இயலாது. எனினும், வழக்கொழிந்த கணிப்பொறிகளைத் தேடிச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, அவற்றை மீண்டும் இயங்கச் செய்வோர் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். அப்பொறிகள் ஒரு நாள் முழுதும் செய்த கணக்கை நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அப்படியிருக்க, இவ்வுழைப்பு வெறும் பொழுதுபோக்குத்தானா? அல்லது நாம் நின்று சிந்திக்க வேண்டிய அறம் ஏதேனும் அதற்குள் உண்டா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இங்கிலாந்தின் ஹார்வெல் என்னுமிடத்தில் இருந்த அணு ஆற்றல் ஆராய்ச்சி நிலையத்தில் 1951-ஆம் ஆண்டு ஒரு கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதன் எடை இரண்டரை டன். அதில் 828 டெக்கட்ரான் குழாய்களும் 480 ரிலேக்களும் இருந்தன. டெக்கட்ரான் என்பது சிறிய கண்ணாடிக் குழாய். அதனுள் ஓர் ஒளிப்புள்ளி பத்து இடங்களுள் ஏதேனும் ஒன்றில் நின்று, சுழியம் முதல் ஒன்பது வரையிலான ஓர் இலக்கத்தைக் காட்டும். ஆகவே, பொறி தன் நினைவில் வைத்திருக்கும் எண்ணை எவரும் கண்ணால் பார்த்தே படித்துவிடலாம். வேகமோ மிகக் குறைவு. ஒரு பெருக்கலுக்கு ஐந்து முதல் பத்து நொடிகள் வரை ஆகும். கையால் இயக்கும் கணக்கிடு கருவியோடு ஒருவர் அதனுடன் போட்டியிட்டு, அரை மணி நேரம் ஈடுகொடுத்தாராம். பின்னர் அவர் களைத்து ஓய்ந்தார், பொறி ஓயவில்லை. அதன் பெருமை விரைவில் இல்லை, அயராமையில் இருந்தது.

விரைவான பொறிகள் வந்தபின், 1957-இல் இது உல்வர்ஹாம்ப்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றது. அங்கு 1973 வரை மாணவர்களுக்குப் பாடம் புகட்டியது. பின்பு பர்மிங்ஹாம் அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிப் பொருளாய் நின்றது. 1997-இல் அவ்வருங்காட்சியகம் மூடப்பட்டபோது, துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் அடைக்கப்பட்டது. 2009-இல் அத்துண்டுகள் பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. தன்னார்வலர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர். 2012 நவம்பர் 20-ஆம் நாள் அது மீண்டும் கணக்கிட்டது.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. பழைய பொறியை இயக்க முற்படுகிறவர் சில உறுப்புகளை மாற்றியே ஆக வேண்டும். நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்த மின்தேக்கிகள் கெட்டுப்போயிருக்கும். முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கவும் கூடும். வீட்டுக் கணிப்பொறிகள் சிலவற்றிலோ, உள்ளிருக்கும் மின்கலம் கசிந்து பலகையின் செம்புக் கோடுகளை அரித்திருக்கும். கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறோம். ஒன்றை மாற்றினால் அதே பொறிதான். நூற்றை மாற்றினால்? பாதியை மாற்றினால்? எந்த இடத்தில் பழைய பொறி மறைந்து புதிய பொறி வந்து அமர்கிறது?

இக்கேள்விக்கு எண்ணிக்கையால் விடை சொல்ல முடியாது. நேர்மையால் சொல்ல முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. பழைய மின்தேக்கியின் கூட்டைத் திறந்து, உள்ளிருப்பதை நீக்கி, புதியதொன்றை அதனுள் ஒளித்து வைக்கும் வழக்கம் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் மாறியிராது. இது பொய்யா? எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதிவைத்து, எடுத்த உறுப்பையும் சீட்டு ஒட்டிப் பாதுகாத்தால், இது பொய்யாகாது. பின்னால் வருபவர் உண்மையை அறிய வழி திறந்தே இருக்கிறது. எழுதாமல் மறைத்தால், அதே கைவேலை ஏமாற்றாகிவிடுகிறது. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுப்பாக்குவோரும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் பொருளைக் காக்கிறோமா, அல்லது அது கடந்துவந்த காலத்தை அழிக்கிறோமா?

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் அதே பிளெட்ச்லி பார்க்கில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையின் மறைமொழிச் செய்திகளைப் படிக்க உதவியவை கொலோசஸ் கணிப்பொறிகள். போர் முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. அவற்றை வடிவமைத்த டாமி ஃபிளவர்ஸ், மேலிடத்து ஆணைப்படி, வரைபடங்களைத் தம் கையாலேயே நெருப்பிலிட்டார். 1993-இல் டோனி சேல் என்பவர் தலைமையில் சிலர், எஞ்சிய புகைப்படங்களையும் பொறியாளர் சிலர் வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளையும் கொண்டு கொலோசஸை மீண்டும் கட்டத் தொடங்கி, 2007-இல் நிறைவு செய்தனர். அதைப் பழைய கொலோசஸ் என்று அவர்கள் சொல்லவில்லை. மறுபடி கட்டியது என்றே சொல்கின்றனர். ஹார்வெல் பொறியில் உறுப்புகளுள் பெரும்பாலானவை பழையவை; இதிலோ பழைய உருவம் ஒன்றே மிஞ்சியது. இரண்டும் மதிப்புக்குரியவை. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டாதிருப்பதே அந்த மதிப்பைக் காக்கிறது.

இயக்கினால் தேயுமே, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். இயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் ரிலேயின் தொடுமுனைகள் தேய்வது உண்மை. ஆனால் டெக்கட்ரானைப் பாருங்கள். நெடுநாள் அசைவின்றி விடப்பட்டால் அதன் ஒளிப்புள்ளி சரிவர நகராமல் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். தொடர்ந்து ஓடவிட்டால் பல வேளைகளில் தானே சீராகும். பூட்டிவைப்பதும் ஒருவகைச் சிதைவே. அன்றியும், பொறியோடு சேர்ந்து பூட்டப்படுவது மனித அறிவும் ஆகும். எந்தத் திருகை எவ்வளவு முடுக்குவது, எந்த ஓசை வந்தால் நிறுத்துவது என்பவை ஏட்டில் முழுமையாக ஏறுவதில்லை. அறிந்தவர் அருகில் அறியாதவர் நின்று, பார்த்து, தொட்டுத்தான் கற்க வேண்டும். அந்த முதியவர் மறைந்த பின் பொறி இருந்தும் பயனில்லை.

ஆதலால், பழையதைச் சேர்ப்பவர் தம்மை உடைமையாளர் என்று எண்ணிக்கொள்ளும் கணத்தில் நெறி தவறுகிறது. அலமாரியில் இருபது பொறிகளை அடுக்கிவைத்து, எதையும் திறவாமல், எவருக்கும் காட்டாமல் எண்ணி மகிழ்வது பேராசையின் மற்றொரு முகம். ஒரே ஒரு பொறியாயினும் அதைத் திறந்து, துடைத்து, செய்த மாற்றத்தைக் குறித்து, அடுத்த கைக்கு ஏற்றதாக்கி வைப்பவரே பாதுகாவலர். நமக்கு முன் உழைத்தவர்களிடம் நாம் பட்ட கடனை அவர்களுக்குத் திருப்பித் தர இயலாது. நமக்குப் பின் வருபவர்களிடம்தான் அதைச் செலுத்த முடியும்; அதுவும், மாற்றியதை மாற்றியது என்று சொல்லிச் செலுத்த வேண்டும்.