விற்பவரின் அறிவு

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தனர் என்று படித்திருக்கிறோம். தம் பொருளைத் தாமே விற்றவராகவே அவர்களை நாம் எண்ணிக்கொள்கிறோம். இன்றைய பெருங்கடையிலோ பொருளுக்கு உரியவர் ஒருவர். அதனை எடுத்துக்காட்டி விற்பவர் மற்றொருவர். பின்னவருக்குச் சம்பளம் சிறிது. விற்பனைக்கேற்பக் கிடைக்கும் ஊக்கத்தொகையே பலருடைய குடும்பத்தைத் தாங்குகிறது. அத்தகையவரிடம் அளவும் நிறையும் சரியாக இருந்தால் போதுமா? தாம் அறிந்ததையெல்லாம் நமக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவரா?

இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு சலவை இயந்திரம். சென்ற டிசம்பர் மாத இறுதியில், தில்லிக் கரோல்பாகில் ஒரு கடைக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். கடையின் சீருடை அணிந்த இளைஞன் ஒருவன், முன்பக்கம் கதவுடைய விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றை இந்தியில் அழகாக விளக்கினான். நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டவுடன் தமிழுக்கு மாறினான், திருநெல்வேலிப் பக்கத்தவன். நான் பணம் கட்ட எழுந்த வேளையில், "மூன்றாம் மாடியில் குழாய்த் தண்ணீர் நூல்போல் வருகிறதே, இதற்குப் போதுமா?" என்று மனைவி கேட்டாள்.

இளைஞன் சற்றே பேசாதிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, உங்க வீட்டுக்கு இது சரிவராது. தண்ணி வேகமா வரணும், இல்லேன்னா பாதியிலேயே நின்னுடும். ரெண்டு தொட்டி மெஷின் எடுத்துக்கிடுங்க. வாளியிலேகூட தண்ணி ஊத்திக்கிடலாம்" என்றான். அவன் காட்டிய இயந்திரம் வேறு. சம்பளம் தரும் நிறுவனமும் வேறு. கடையின் சீருடையில் நிற்போருள் சிலருக்குக் கூலி கொடுப்பது கடையன்று, பொருள் செய்யும் நிறுவனமே. இது வாங்குவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மாத இலக்குக்கு அவனுக்கு இன்னும் ஓர் இயந்திரம் குறைந்திருந்தது.

ஊக்கத்தொகை விற்பவரை அறிவில்லாதவராக்குகிறது என்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. விற்றால்தான் வருமானம் என்னும்போது மனிதன் கூர்மையாகவே கற்கிறான். ஆனால் அவன் கற்பது பெரும்பாலும் வாங்குபவரைப் பற்றி: யார் தயங்குகிறார், எப்பொழுது மனைவியின் முகத்தைப் பார்க்கிறார், தவணை என்றால் இளகுவாரா என்பவை. தொகை தராத பொருளைப் பற்றிய அறிவு மெல்ல வற்றிவிடுகிறது. இவ்விளைஞன் இரண்டு தொட்டி இயந்திரத்தை அறிந்திருந்தது, தான் தங்கியிருக்கும் வாடகை அறையில் அதுவே இருப்பதனால்.

அப்படியாயின் ஊக்கத்தொகையை நீக்கிவிட்டால் தீருமோ? அமெரிக்கப் பெருங்கடைகளின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. 1992இல், சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்களில் தேவையற்ற வேலைகள் விற்கப்படுகின்றன என்று கலிபோர்னியா மாநில அரசு குற்றஞ்சாட்டியது. ஊக்கத்தொகையும் இலக்கும் தவறுகளுக்கு இடங்கொடுத்தன என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். பழுது சொல்லும் ஊழியருக்கு அம்முறை நீக்கப்பட்டது. வண்டியின் நோயைச் சொல்பவனுக்கே மருந்து விற்ற கூலி கொடுத்தால் வேறென்ன விளையும்?

மற்றொன்று சர்க்கியூட் சிட்டி என்னும் மின்பொருள் கடை. 2003இல் அது விற்பனைக் கமிஷனை ஒழித்தது. கூடவே, கமிஷன் பெற்றுவந்த ஏறத்தாழ 3,900 பேரையும் வெளியேற்றியது. 2007இல் கூடுதல் சம்பளம் பெற்ற சுமார் 3,400 பேர் நீக்கப்பட்டனர். 2008 நவம்பரில் திவால்மனு. 2009இல் கடைகள் மூடப்பட்டன. பொருளாதார மந்தமும் கடும்போட்டியும் இருந்தமையால் வீழ்ச்சிக்கு இஃதொன்றே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் பேராசையோடு அறிவையும் சேர்த்தே அவர்கள் வாசலுக்கு வெளியே தள்ளினர். பொய் சொல்லக் காரணமற்ற ஊழியர் எஞ்சினர். அவர்கள் உண்மையைக் கற்கவும் காரணமில்லாது போயிற்று.

அறிவுக்குக் கூலி தராமல் விற்பனைக்கே கூலி தருகிறோம். அறிவு மட்டும் இலவசமாகவும் நேர்மையாகவும் வரவேண்டுமென எதிர்பார்க்கிறோம். இதில் கடை முதலாளியை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் அரைமணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு, இணையத்தில் நூறு ரூபாய் குறைவாக வாங்கியவர் நம்மில் இல்லையா? நான் வாங்கியிருக்கிறேன்.

அன்று இரண்டு தொட்டி இயந்திரத்தையே வாங்கினோம். திரும்பும் வழியில், "அந்தப் பிள்ளைக்கு நட்டமாயிற்றே, ஏதாவது கொடுத்திருக்கலாமோ?" என்றாள் மனைவி. கொடுத்திருந்தால் அவன் சொன்ன உண்மைக்கு நாமும் ஒரு கமிஷன் கட்டியவராவோம் என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பணம் கொடாதவன் சொல்லும் நியாயம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

பொங்கலன்று உணவுக்கு வருமாறு அவனை அழைத்தோம். கடைக்கு அன்று விடுமுறை இல்லை என்றான்.