நாடியின் அமைதி

வயது ஏற ஏறப் பற்றுகள் தாமே உதிர்ந்து, வைராக்கியம் என்னும் பெருஞ்செல்வம் கேளாமலே கைவந்து சேரும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் மிகப் பழையது. கிருஹஸ்தாசிரமத்துக்குப் பின் வானப்பிரஸ்தத்தையும் சந்நியாசத்தையும் பெரியோர் வைத்ததற்கே இதுதான் ஆதாரம் என்பாரும் உண்டு. ஆனால் முதியவரிடம் நாம் காணும் சாந்தம் ஆன்மாவின் பரிபாகத்தால் விளைந்ததா, சரீரத்தின் தளர்ச்சியால் விளைந்ததா என்று பிரித்தறியாமல் இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டாடுவது ஆத்ம விசாரத்துக்குப் பெருந்தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

இதயத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை ஒன்று இங்கே நமக்குத் துணை நிற்கிறது. இதயம் நரம்பின் ஏவலால் துடிப்பதன்று; அதன் வலது மேலறையில், 1907-இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் விவரித்த சிறு கணு ஒன்று தானாகவே துடிப்பை எழுப்புகிறது. அதை முடுக்குவது பரிவு நரம்பின் தொழில். அடக்குவது மூளையின் அடியிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பின் தொழில். இவ்விரண்டையும் மருந்தால் வாயடைத்துவிட்டால், 20 வயது வாலிபனின் இதயம் நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும். 70 வயது முதியவருடையதோ 80-ஐ ஒட்டியே நிற்கும். எனினும் இருவரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கையில் மணிக்கட்டைத் தொட்டால் இருவர் நாடியும் 70 என்றே பேசக்கூடும். எண் ஒன்றே, ஆனால் வாலிபனிடம் அது, பாய முனையும் குதிரையைக் கடிவாளம் இழுத்துப் பிடித்த அடக்கம், முதியவரிடமோ குதிரையே நடை தளர்ந்துவிட்டதால் கடிவாளத்துக்கு வேலை குறைந்துபோன ஓய்வு.

தொட்ட விரலை எடுக்காமல், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொல்லிப் பாருங்கள். இழுக்கையில் வாலிபனின் நாடி விரைவதும், விடுகையில் தயங்குவதும் விரல் நுனிக்கே தெரியும். வேகஸ் நரம்பு மூச்சுக்கு மூச்சு தன் பிடியைத் தளர்த்தி இறுக்குவதன் அடையாளம் அது. முதியவரிடம் இந்த ஏற்ற இறக்கம் மங்கி, நாடி ஒரே சீராக நடக்கிறது. அந்தச் சீரைச் சமநிலை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரே பாயிலிருந்து சட்டென்று எழும்போது, ரத்தம் கால்களில் தேங்க, கழுத்துத் தமனியின் அழுத்த உணர்விகள் அனுப்பும் சேதிக்கு இதயம் உடனே மறுமொழி தராமல், கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இதனினும் வியப்பானது, முதுமையில் பரிவு நரம்பின் முறையீடு ஓய்வதில்லை என்பது. ரத்தத்தில் நார்அட்ரினலின் முன்னிலும் மிகுகிறது, அதற்குச் செவிசாய்க்க வேண்டிய இதயத்தின் ஏற்பிகளே மந்தமாகின்றன. அமைதி என்று நாம் கைகூப்புவது, உள்ளே ஓங்கிய குரல் வெளியே எட்டாத நிலையாகவும் இருக்கலாம் அல்லவா?

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று போற்றுவது, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஆன்மா விருப்பு வெறுப்பின்றி ஒப்பக் காணும் அறிவின் நிலையையே அன்றி, புலனும் நாடியும் மழுங்கிய நிலையை அன்று. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உறக்கத்திலும் பிராணன் இயங்கிக்கொண்டிருக்க நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையைச் சுட்டி, பிராணன் ஆன்மா ஆகாது என்று நிறுவினார். அந்த நியாயத்தை ஒரு படி நீட்டினால், நாடியின் நிதானம் ஆன்மாவின் நிதானம் ஆகாது என்பதும் பெறப்படும்.

அப்படியானால் சாதனைக்கும் சரீரத்துக்கும் தொடர்பே இல்லையோ எனில், உண்டு. நாம் எதிர்பார்க்கும் திசையில் அன்று. இத்தாலியின் பாவியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்னார்டியும் அவர் குழுவினரும், கிறிஸ்தவ ஜபமாலைப் பிரார்த்தனையையும் ஒரு மந்திரத்தையும் 23 பேரை ஓதச் செய்து, அவர்களுடைய மூச்சு நிமிஷத்துக்கு 6 என்ற அளவுக்குத் தணிந்ததையும், அழுத்த உணர்விகளுக்கு இதயம் தரும் மறுமொழி கூர்மையானதையும் அளந்து 2001-இல் வெளியிட்டனர். ஜபம் இதயத்தைக் கல்லாக்கவில்லை. முன்னிலும் செவிகொடுக்கச் செய்தது.

முதியவருக்கு ஞானம் வாய்க்காது என்று நான் சொல்லவில்லை. வாய்த்த பெரியோர் எத்தனையோ பேர். பேரனுக்கு நோய் என்ற சேதி கேட்டும் நாடி துள்ளாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் விருப்பு வெறுப்பைக் கடந்தவராகவும் இருக்கலாம், உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.