மாண்ட மாலுமியும் மாலையிடும் சங்கமும்

போரிலே மாண்ட வீரன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் மலர் வைத்து வணங்குகின்றோம். அவ்வணக்கம் அவனுக்குச் செலுத்தும் கடனா, அன்றிக் கடன் தீர்ந்ததென நம் நெஞ்சை நாமே ஏமாற்றிக் கொள்ளும் சடங்கா? இவ்வினாவை ஆராய்தற்கு அமெரிக்க மாலுமி ஒருவரது சரிதம் பெரிதும் துணை புரியும்.

அந்நாட்டில் போரினின்று மீண்ட வீரர்கள் ஊர்தோறும் சங்கம் கண்டு, இறந்துபட்ட தோழர் ஒருவர் பெயரை அதற்குச் சூட்டுவது வழக்கம். 1919-ல் தோன்றிய அமெரிக்கன் லீஜன் என்னும் பெருஞ்சங்கம், உயிரோடிருப்பவர் பெயரை எக்கிளைக்கும் இடலாகாதென விதித்துளது. நல்ல விதியே, முகஸ்துதிக்கு இடமில்லை. ஆயின் அதே சங்கம் தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின வீரர்களை வெள்ளையரோடு ஒரே கிளையில் சேர்க்காது நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. இறந்தார்க்கு மாலை, இருப்பார்க்கோ அடைத்த கதவு!

அயல்நாட்டுப் போர்களில் பணிபுரிந்தோர்க்கென மற்றொரு சங்கமும் அங்குண்டு. அதன் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையொன்று டோரிஸ் மில்லர் என்பாரின் பெயரைச் சூடிக்கொண்டது. யார் இவர்? டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோவில், வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் 1919-ல் பிறந்த கறுப்பர். 1939-ல் கப்பற்படையிற் சேர்ந்தார். அக்காலத்தில் அப்படையிலே கறுப்பர்க்குத் திறந்திருந்தது ஏறக்குறைய அடுக்களை வாயில் ஒன்றே. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுதலும் அவர்தம் துணிகளைத் திரட்டுதலும் அவர் தொழில். பிறப்பை நோக்கித் தொழில் விதிக்கும் கொடுமையை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

1941 டிசம்பர் 7 காலை, பேர்ல் துறைமுகத்தில் வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் அவர் அழுக்குத்துணி சேகரித்துக் கொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் தாக்கின. குற்றுயிராய்க் கிடந்த கப்பல் தலைவரை அப்புறப்படுத்தக் கைகொடுத்தார். பின்னர், தமக்கு எவரும் பயிற்சியளித்திராத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பற்றி, குண்டுகள் தீருமட்டும் சுட்டார். படையினரோ முதலில் அவரைப் பெயர் குறியாது, நீக்ரோ ஒருவர் என்றே சொல்லி விட்டனர். கறுப்பர்தம் பத்திரிகைகளும் சங்கங்களும் கிளர்ச்சி செய்த பின்னரே 1942 மார்ச்சில் பெயர் வெளிவந்தது. மே 27-ல் தளபதி நிமிட்ஸ் அவர் மார்பில் கப்பற்படைச் சிலுவையை அணிவித்தார்.

"இறந்தவரை வணங்குமிடத்திற் பழைய வழக்கை எழுப்பலாமா? துப்பாக்கியைச் சொல்லுங்கள், அடுக்களையை விடுங்கள்" எனச் சிலர் கூறுவர். ஈது அமைதியை நாடும் நல்லோர் கூற்றுப் போலவே தோன்றும். ஆயினும் அடுக்களையை விட்டால் மில்லரின் வீரமே குன்றிப் போகும். பயிற்சி பெற்றவன் சுடுதல் கடமை. இவன் துப்பாக்கிக்கு உரியவனல்லன் எனப் படைவிதி ஒதுக்கிய ஒருவர், ஒதுக்கியவரையே காக்க அதனைப் பற்றியது கடமைக்கு அப்பாற்பட்டது. இழைத்த அநீதியை மறைத்துப் புகழும் சங்கம் அவரை வணங்கவில்லை. தன்னையே வணங்கிக் கொள்கின்றது. அவர் பெயரைத் தன் வாயிலில் எழுதுமாயின், அவ்வாயிலில் எவரையும் நிறங்கண்டு தடுக்கும் உரிமையை அது அன்றே இழந்துவிடும்.

1943 நவம்பர் 24-ல், பசிபிக் கடலில், லிஸ்கம் பே என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் சிதறி மூழ்கிற்று. மாண்டார் 600-க்கு மேற்பட்டோர். மில்லரும் அவருள் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. 2020-ல் அந்நாட்டுக் கப்பற்படை, கட்டவிருந்த விமானந்தாங்கிக் கப்பலொன்றுக்கு அவர் பெயரை அறிவித்தது. சிலுவை பெற்று ஓராண்டு கடந்த பின்னரும், இறந்த நாளில் அவர் வகித்த பதவி மூன்றாந்தரச் சமையற்காரர்.