பாப்கார்ன் செய்த பாவம்

'இதைச் செய்' என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். 'செய்யாதே' என்று சொல்ல? ஒன்றும் வேண்டாம். 'நம்ம மேல எவ்வளவு அக்கறை பாரு' என்று பெயர்கூடக் கிடைக்கும். இது நியாயமா என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

தத்துவ வகுப்பு எடுக்கப் போவதில்லை. பெருங்குடலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் சுவரில் ரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. வயசாக ஆக, அந்த இடங்களில் உள்படலம் வெளியே பிதுங்கி, சின்னச் சின்னப் பைகளாகத் தொங்கும். பழைய சைக்கிள் டியூப் அங்கங்கே புடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. டைவர்டிகுலோசிஸ் என்று பெயர். அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ கொலனோஸ்கோபி செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படும். சிலருக்கு மட்டும் பை வீங்கி, காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாகப் படுத்தி எடுக்கும். அதுதான் டைவர்டிகுலைட்டிஸ். பை ஓட்டையானால் ஆபரேஷன் வரை போகும். (மேல்நாட்டில் பெரும்பாலும் இடது பக்கம். ஆசியாவில் வலது பக்கம் வருவது அதிகம். அப்பெண்டிசைட்டிஸோ என்று டாக்டர்களே குழம்புவது உண்டு!)

இந்தப் பைகள் உள்ளவர்களிடம் மேல்நாட்டு டாக்டர்கள் பல பத்தாண்டுகளாக ஒரு விஷயத்தைச் சொல்லி வந்தார்கள். 'கொட்டைப் பருப்பு கூடாது. பாப்கார்ன் கூடாது. விதை உள்ள பழம் எதையும் தொடாதீங்க.' ஏனாம்? விதை போய்ப் பைக்குள் சிக்கிக்கொள்ளுமாம். கேட்க எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! பை இருக்கிறது, விதை இருக்கிறது, சிக்காமல் என்ன செய்யும்? அவ்வளவு கச்சிதமாக இருந்ததால்தானோ என்னவோ, சரியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வெகு காலம் யாருக்கும் தோன்றவில்லை.

2008-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 47,228 ஆண்கள், 18 வருஷக் கணக்கு. வாரம் இரண்டு முறையாவது பாப்கார்னும் பருப்பும் கொறித்தவர்களுக்கு டைவர்டிகுலைட்டிஸ் கூடவில்லை. சொல்லப்போனால், தொடாதவர்களைவிடக் கொஞ்சம் குறைவு! 2015-ல் அந்த நாட்டுக் குடல் மருத்துவர்கள் சங்கமே, இந்தத் தடையைச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியது. (வலியோடு படுத்திருக்கும் நாட்களில் நீராகாரம் என்பார்களே, அது வேறு.)

நான் படித்தது பி.காம். அந்தப் புத்தியில் இதைப் பார்க்கிறேன். நோயாளி நன்றாக இருந்தால் பத்தியத்துக்கு வரவு. மறுபடி வலி வந்தால், 'நீங்க ஏதோ சாப்பிட்டிருப்பீங்க' என்று நோயாளி பேரில் பற்று. தடை சொன்னவருக்கு எந்த வழியிலும் நஷ்டம் இல்லை. பேரனோடு சினிமாவுக்குப் போய் வெறும் கையோடு உட்கார்ந்திருந்த தாத்தாவின் ஏக்கம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தப்பித் தவறி ஒரு பிடி தின்றுவிட்டு, ராத்திரி முழுக்க வயிற்றைத் தடவியபடி பயந்து கிடந்ததும் ஏறவில்லை.

'தெரியாதபோது ஜாக்கிரதையா இருக்கறது தப்பா சார்?' என்பீர்கள். தப்பே இல்லை. ஆனால், 'நிச்சயமா தெரியாது, ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம்' என்பது ஒன்று. 'தொடாதே' என்பது இன்னொன்று. முதலாவதில் முடிவு நோயாளி கையில் இருக்கிறது. இரண்டாவதில் அதைப் பிடுங்கிக்கொள்கிறோம், அதுவும் நமக்கே தெரியாத ஒன்றைக் காட்டி. வீட்டில் அப்பா அம்மாவிடம் நாமும் இதைத்தானே செய்கிறோம்?

ஆதாரம் உள்ள எச்சரிக்கைகளும் இந்த நோய்க்கு உண்டு. புகை, தொப்பை, அளவு மீறிய சிவப்பு இறைச்சி, ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது. பாப்கார்னை விட்டொழித்த ஒருவர், 'நான்தான் பத்தியத்துல இருக்கேனே' என்ற நிம்மதியில் இன்னொரு சிகரெட் பற்றவைத்திருந்தால், அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?