நான்காவது ஆளின் ஞாயிறு

சனிக்கிழமை காலை ஆறரை மணி. புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் வெயில் இன்னும் படிக்கட்டு வரை இறங்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கும் பள்ளி எழுத்தர், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைத் திருப்பி நிறுத்தி, பனியனின் முதுகில் எண் அட்டையைக் குத்திக்கொண்டிருக்கிறார். மூன்று மூலைக்கு ஊக்கு இருக்கிறது, நான்காவதைக் காணோம். “அசையாதடா.” பக்கத்தில் கிடக்கும் துணிப்பையில் பிறப்புச் சான்றிதழ் நகல்கள், போனஃபைடு தாள்கள், குளுக்கோஸ் பாக்கெட், ஆறு எலுமிச்சம்பழம், பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கென்று பாலிதீன் பை. சட்டைப் பையில் போன் அதிர்கிறது. வீட்டிலிருந்து கேள்வி: “நாளைக்காவது சிதம்பரம் உண்டா, இல்லையாங்க?”

இவர் தனி ஆள் இல்லை. புதுச்சேரியில் எந்தப் பள்ளியில் விசாரித்தாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். சில இடங்களில் அவர் உடற்கல்வி ஆசிரியர், சில இடங்களில் ஆய்வக உதவியாளர், பல இடங்களில் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாத யாரோ ஒருவர். தடகளம், சிலம்பம், செஸ், அறிவியல் கண்காட்சி, திருக்குறள் ஒப்புவித்தல், மார்கழி பிறந்தால் திருப்பாவை என்று சனி ஞாயிறுகளை விழுங்கப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியோ நான்கு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. காரைக்கால் 130 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் சமாளித்துவிடலாம். கேரளக் கரையில் இருக்கும் மாஹேயிலிருந்து ஒரு பிள்ளை ஓட வர வேண்டுமென்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் 800-ஐத் தாண்டும். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு இரவு ரயில், உடன் வரும் ஊழியருக்கும் அதே இரண்டு இரவு.

அவருக்கு ஓய்வு நாள் எது? அலுவலகத்தில் கேட்டால், “ஓ.டி. போட்டாச்சு சார், ஈடுசெய் விடுப்பு எடுத்துக்குங்க” என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஓய்வு யாருக்கு உரியது, யார் தருவது, எதற்காக என்ற கேள்வியில் மதங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. தத்துவமோ கிட்டத்தட்ட ஒரு விளையாட்டு மைதானத்தில்தான் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டது.

அந்தக் கதை சிசெரோ சொல்வது. பிளியூஸ் நகரத்து லியோன், பித்தாகோரஸைப் பார்த்து, “தத்துவவாதி என்றால் யார்?” என்று கேட்டானாம். பித்தாகோரஸ் ஒலிம்பியாப் போட்டியைக் காட்டினார். அங்கே மூன்று வகை மனிதர் வருகிறார்கள். மாலைக்கும் புகழுக்கும் போட்டியிட வருகிறவர்கள், வாங்கி விற்க வருகிறவர்கள், ஒரு லாபமும் கருதாமல் நடப்பதைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள். மூன்றாமவர்தான் தத்துவவாதி. கிரேக்கர்கள் ஓய்வுக்குச் சொன்ன ‘ஸ்கோலே’ என்ற சொல்லிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் பள்ளிக்கூடத்துக்கே பெயர் வந்தது. ஓய்வு என்ற பெயரைத் தாங்கிய இடத்தில் வேலை பார்க்கிற ஒருவருக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை.

பித்தாகோரஸின் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப் போனார். ஓடுகளத்துக்கு மண் கொட்டிச் சமன் செய்தவர், தண்ணீர் சுமந்தவர், பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தவர். அவர் போட்டியிடவில்லை, விற்கவில்லை, நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. அந்த நான்காவது ஆள் இல்லாமல் மற்ற மூவருக்கும் ஒலிம்பியாவே இல்லை.

இந்த விஷயத்தில் கிரேக்கத்தைவிட யூத மறைநூல் கூர்மையானது. ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளை அதில் இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் வெவ்வேறு காரணம். விடுதலைப் பயணம் என்ற நூலில் சொல்லப்படுவது, கடவுளே ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. இணைச்சட்டம் என்ற நூலில் காரணம் மாறுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை மறக்காதே. அதனால் உன் வேலைக்காரனும், வேலைக்காரியும், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும். முதல் காரணம் அண்ணாந்து பார்க்கிறது, இரண்டாவது காரணம் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கிறது. நான்காவது ஆளுக்கு இடம் வைத்திருப்பது இரண்டாவதுதான். கி.பி. 321-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிறு ஓய்வை ஆணையாக்கியபோது நீதிபதிகளுக்கும் நகரத்தாருக்கும் தொழிற்கூடங்களுக்கும் ஓய்வு தந்தார். வானம் யாருக்கும் காத்திருக்காது என்று உழவர்களுக்கு மட்டும் விலக்கு. ஓய்வு நாள் சட்டமான அன்றே விதிவிலக்கும் பிறந்துவிட்டது.

பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் இந்த நாளோடு மல்லுக்கு நின்ற கதை தனி. புரட்சி அரசு 1793-இல் ஏழு நாள் வாரத்தையே தூக்கிவிட்டுப் பத்து நாள் வாரம் கொண்டுவந்தது, பத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையோடு தேவாலயமும் ஒழியும் என்று கணக்கு. அந்தக் கணக்கு புதுச்சேரியில் ஏறவே இல்லை. அதே 1793 ஆகஸ்டில் ஊரைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள், 1816-இல் பிரான்ஸ் கைக்கு நிலையாகத் திரும்பியபோது பத்து நாள் வாரம் செத்துப் போயிருந்தது. 1882 மார்ச் 28-ஆம் நாள் பள்ளிச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. அரசுப் பள்ளிக்குள் மதபோதனை கூடாது என்று நிறுத்திய கையோடு, ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளியை மூடு என்றது. விரும்பும் பெற்றோர் பிள்ளைகளுக்கு மதக்கல்வியை வெளியே கொடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. பிரான்ஸில் 1972 வரை அது வியாழக்கிழமையாக இருந்தது. அந்த ஒரு நாள் பள்ளிக்கு உரியதல்ல, குடும்பத்துக்கு உரியது என்பதை மதச்சார்பற்ற அரசு ஒன்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. நம் ஊர்ப் போட்டி அட்டவணை தயாரிப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்கலாம்.

தொழிலாளிக்கோ ஓய்வு யாரும் தட்டில் வைத்துத் தந்ததில்லை. பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை 1890-இல் கிடைத்தது, நாராயண் மேகாஜி லோகாண்டே ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு. ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் அதைவிடப் பெரிய விலை கொடுத்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டு நின்றவர்கள் மேல் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதன் பிறகுதான், தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றவர்களின் விடாத முயற்சியால், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது.

சரி, நம்முடைய பழைய வழக்கம் என்ன? கிழமைக் கணக்கில் ஓய்வு இல்லை, திதிக் கணக்கில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குப் பௌர்ணமி, அமாவாசை, பிரதமை, அஷ்டமி விடுமுறை. அதற்கு ‘வாவு’ என்று பெயர், ‘உவா’ என்ற சொல்லின் மரூஉ என்று உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதுகிறார். வேதபாடத்திலும் இதே கட்டுப்பாடு. மனுநூல் ஒருபடி மேலே போய், அமாவாசையில் பாடம் நடத்தினால் ஆசிரியருக்கு ஆபத்து, சதுர்த்தசியில் நடத்தினால் மாணவனுக்கு ஆபத்து என்று மிரட்டுகிறது. இடி இடித்தாலும் பாடத்தை நிறுத்து என்கிறது. மனுநூலோடு சண்டை போட ஆயிரம் காரணம் உண்டு, ஆனால் விடுமுறையில் வேலை வாங்கினால் ஆசிரியர் உயிருக்கே ஆபத்து என்ற இந்த ஒரு விதியை எழுத்தரும் உடற்கல்வி ஆசிரியரும் சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம்.

ஆனால் உண்மையான வாதம் சிதம்பரத்துப் பக்கம்தான் இருக்கிறது. எல்லாம் நிறைந்த கடவுள் எதற்காக உலகைப் படைக்க வேண்டும்? பிரம்ம சூத்திரம் தரும் விடை: அது லீலை, விளையாட்டு. விளையாட்டுக்குப் பயன் கேட்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் சான்றிதழுக்காகவும் சேர்க்கைக்கான மதிப்பெண்ணுக்காகவும் ஓடுகிற ஓட்டம் விளையாட்டே அல்ல, சனிக்கிழமை வேடம் போட்டுக்கொண்ட திங்கட்கிழமை. சைவ சித்தாந்தம் இந்த விடையோடு நிற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், விளையாட்டு என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, ஐந்தொழிலும் உயிர்களுக்காகச் செய்யப்படுவது என்று திருப்புகிறார். அழித்தல் என்ற பயங்கரமான தொழிலுக்கு அவர் தரும் விளக்கம் உலகச் சமயங்களிலேயே அபூர்வமானது. பிறந்து பிறந்து களைத்த உயிர்களை இளைப்பாற வைப்பதுதான் அழித்தலாம். ஊழி என்பது உயிர்களுக்குக் கிடைக்கும் பெரிய விடுமுறை.

ஆதியாகமத்தில் கடவுள் ஓய்வெடுக்கிறார். சித்தாந்தத்தில் கடவுள் ஓய்வு கொடுக்கிறார், தான் எடுப்பதில்லை. பித்தாகோரஸ் மறந்த நான்காவது ஆள் இங்கேதான் கிடைக்கிறார், அதுவும் அம்பலத்தின் நடுவில்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. எழுத்தரை நடராசராக்கிவிட்டால் அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பறிப்பது சுலபம். “இது சேவை சார், பிள்ளைங்களுக்காகத்தானே” என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை சனிக்கிழமைகள் கரைந்திருக்கின்றன! வாழ்வு முழுவதுமே யோகம் என்று போதித்த ஶ்ரீ அரவிந்தர் இந்த ஊரில்தான் 1910 முதல் வாழ்ந்தார். அவருடைய ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2-இல் தொடங்கியது. பட்டம் கிடையாது, சான்றிதழை நோக்கிய படிப்பு கிடையாது, உடற்பயிற்சிக்கு மட்டும் பெரிய இடம். வேலையும் வழிபாடும் ஒன்றாகிவிட்ட இடத்தில் ஓய்வு நாள் தேவைப்படாது என்பது, தானே விரும்பிப் புகுந்தவருக்குச் சரி. சுற்றறிக்கையால் உள்ளே தள்ளப்பட்டவருக்கு அதே வாக்கியம் எகிப்து. பலனை எதிர்பாராதே என்பது ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது, மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொல்ல வேண்டியதல்ல.

புதுச்சேரி பிறருக்கு வாரக்கடைசியை விற்றுப் பிழைக்கும் ஊர் வேறு. வெள்ளி இரவு தொடங்கிச் சென்னையிலிருந்து கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டும். கடற்கரைச் சாலையில் மாலை வண்டிகளை நிறுத்தியதும் அடுத்த ஊர்க்காரர்களின் ஓய்வு அங்கே உலாவும். ஞாயிறானால் காந்தி வீதிச் சந்தையில் நடக்க இடமிருக்காது. ஓட்டல் ஊழியர், ஆட்டோக்காரர், துணி விரித்து விற்பவர் எல்லோருமே நான்காவது ஆட்கள்தாம். உள்ளூர்க் குடும்பம் ஓய்வு தேடி வெளியே போக வேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை, நம் எழுத்தர் ஒருவழியாகக் குடும்பத்தோடு கடலூர் வழி பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்கிறார். பையன் நூறு மீட்டரில் நான்காவதாக வந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் கை தட்டினேன் என்று வழியில் மனைவியிடம் சொல்கிறார். தொண்டை கட்டியிருக்கிறது. சந்நிதியில் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்த சின்ன மகள் கேட்கிறாள்: “அப்பா, சாமிக்குக் கால் வலிக்காதா?”

இதே கேள்வியைக் கேட்ட ஒருவர் உண்டு, திருவிளையாடல் புராணத்தில். ராஜசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளைக் கற்றுவிட்டுக் கடைசியாகப் பரதம் பயின்றான். உடம்பு நொந்தபோதுதான் மதுரை வெள்ளியம்பலத்து ஆடவல்லான் எத்தனை காலமாக ஒரே காலில் நிற்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. கும்பிட வந்த எத்தனையோ பேரில் சாமியின் கால் வலியை நினைத்தவன் அவன். காலை மாற்றி ஆடாவிட்டால் உயிரை விடுவேன் என்று வாளை நட்டு நின்றான். இறைவன் இணங்கினார், இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கினார். மதுரையில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார். ஆட்டம் நிற்கவில்லை, கால்தான் மாறியது.

எழுத்தர் அந்தக் கதையை மகளுக்குச் சொல்லத் தொடங்குகிறார். பாதியில் சட்டைப் பை அதிர்கிறது, அடுத்த சனிக்கிழமை சிலம்பப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல். போனை எடுக்காமல், “அப்புறம் அந்த ராஜா வாளை எடுத்து...” என்று தொடர்கிறார்.