பெயர் சொல்லி அழைப்போம்

 

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளியே வருகிறோம். அதே வீதியில் சிறிது தூரம் நடந்தால் குவான் யின் கோயிலின் முன்னே சீனர்கள் ஊதுவத்தியைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். இன்னும் சற்று அப்பால் 1818-ல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் மாதாகோயில். பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில். நம் பள்ளியோ 1801-ல் காதர் முகியித்தீன் அவர்கள் முன்னின்று நம் மூதாதையர் எழுப்பியது. முன்னர் பிட் ஸ்ட்ரீட் என்று வழங்கிய அவ்வீதி இன்று நம் பள்ளியின் பெயராலேயே வழங்குகிறது. வெளிநாட்டார் வந்து படம் பிடித்துக்கொண்டு, என்ன ஒற்றுமை, என்ன ஒற்றுமை என்று வியந்து போகிறார்கள். நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், வீதியில் காணும் அந்த ஒற்றுமை நம் கடைக்குள்ளே இருக்கிறதா? இவ்விதழில் அதையே கேட்க எண்ணினோம். பிறரைக் கூண்டில் நிறுத்திவிட்டுக் கேட்கவில்லை. அதே கூண்டில் நாமும் நிற்க வேண்டியவர்கள்தாம் என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

பலவகை மனிதரோடு பழகுவது நம்மவர்க்குப் புதிதல்ல. 1511-ல் போர்த்துகேயர் பிடிப்பதற்கு முன், மலாக்காத் துறைமுகத்தில் பற்பல தேசத்து வியாபாரிகளையும் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகேயர், அத்துறையில் 84 பாஷைகள் பேசப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சந்தடியில் நம் தமிழும் உரக்க ஒலித்தது.

மலாய் இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற முன்ஷி அப்துல்லாஹ் 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண் எடுத்தவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொல்லும் ஒரு செய்தி நம்மவர் அறிய வேண்டியது. சிறு பிராயத்தில் அவரைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினாராம். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அந்நாளில் வழக்கமாம். கணக்கு வழக்குக்கு அது வேண்டியிருந்தது. ஊர் நிறைய நம் நாட்டு வியாபாரிகள் இருந்தார்கள். ஆக, ஒரு காலத்தில் பிறர் நம் பாஷையைத் தேடிப் படித்தார்கள். நம் பாட்டன்மாரும் சும்மா இருக்கவில்லை. மலாயைக் கடையில் நின்றபடியே கற்றார்கள். சந்தையில் ஹொக்கியனில் பேரம் பேசினார்கள். பள்ளிக்கூடம் மிதியாத பெரியவர்கள் நான்கு பாஷையில் கணக்குச் சொன்னதை நம்மில் மூத்தவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். இன்றோ, படித்த பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைக்கூடப் பாராமல் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறார்கள். அது வேறு கதை, விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். திருமறையின் 49-வது அத்தியாயம் அல் ஹுஜுராத். 18 வசனங்களே கொண்ட சிறிய அத்தியாயம். அதன் 13-வது வசனம் நமக்கெல்லாம் பழக்கமானது. மனிதரை ஓர் ஆணிலும் ஒரு பெண்ணிலும் இருந்து படைத்ததையும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும்பொருட்டே பற்பல கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதையும், தன்னிடத்தில் மேன்மை பயபக்திக்கே உண்டு என்பதையும் அல்லாஹ் அதில் தெரிவிக்கிறான். எந்தக் கூட்டத்திலும் எந்தப் பேச்சாளரும் அதை ஓதாமல் இறங்குவதில்லை. அதற்கு முந்திய இரண்டு வசனங்களை மட்டும் ஏனோ மேடையில் அதிகமாகக் கேட்பதில்லை. 11-வது வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சூட்டுவதையும் விலக்குகிறது. 12-வது வசனம், வீணான சந்தேகத்தையும், குற்றம் துருவுவதையும், புறம் பேசுவதையும் விலக்குகிறது. 13-ஐ மேடையில் ஓதிவிட்டுக் கடைக்குத் திரும்பினால், அங்கே நம் வரவுக்குக் காத்திருப்பவை 11-ம் 12-ம்தான்!

பட்டப்பெயர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கெலிங் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கிறது? கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல், நம் பள்ளிவாசலின் பெயரிலேயே மரியாதையாக நிற்கும் சொல் என்பது உண்மையே. ஆயினும் வீதியில் ஒருவன் வாயைக் கோணிக்கொண்டு அதைச் சொல்லும்போது நம் முகம் சிவக்கிறது. மாமாக் என்பதும் அப்படியே. நம் மாமா என்ற உறவுச் சொல்தான் மலாயில் அப்படி ஆயிற்று. ஒருவர் அன்பாக அழைத்தால் உறவு. இன்னொருவர் இளக்காரமாக அழைத்தால் வசை. சொல் ஒன்றே, சொல்லும் மனம்தான் வேறு. இந்த வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாம் பிறரை எப்படி அழைக்கிறோம்?

வெளியார் இருக்கட்டும். நமக்குள்ளேயே எத்தனை பிரிவு! எங்கள் பக்கத்தில் மூத்தவரை நானா என்போம். கீழக்கரையார் காக்கா என்பார்கள். இன்னொரு பக்கத்தார் அண்ணன் என்பார்கள். ஒருவருக்கு வாப்பா, மற்றொருவருக்கு அத்தா. ஊருக்கொரு பேச்சு, பேச்சுக்கொரு பரிகாசம். ஸுபுஹுத் தொழுகையில் ஷாபிஈ இமாம் குனூத் ஓதும்போது நம்மில் ஹனபிகளாய் உள்ளவர்கள் மௌனமாக நிற்கிறோம். ஸலாம் கொடுத்த பிறகு எல்லோரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம். அல்லாஹ்வின் முன்னிலையில் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசத்தை, சம்பந்தம் பேசும்போதும் கடைக்கு ஆள் எடுக்கும்போதும் ஏன் பொறுக்க முடியவில்லை?

அபூதர் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைவுகூருங்கள். ஸஹாபாக்களில் முன்வரிசையில் நின்றவர், எளிமைக்குப் பேர்போனவர். அத்தகையவரே ஒரு முறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்துவிட்டார். பிலால் (ரலி) அவர்களையே அவ்வாறு சொன்னார் என்பாரும் உண்டு. செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் அவரிடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதாக முகத்துக்கு நேரே கண்டித்தார்கள். கண்டித்ததோடு நிறுத்தவில்லை. நம்மிடம் ஊழியம் செய்வோர் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதிலிருந்தே அவர்களுக்கு உண்ணவும், நாம் உடுப்பதிலிருந்தே உடுக்கவும் கொடுக்க வேண்டும் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது, சுமத்தினால் கூட நின்று உதவ வேண்டும் என்றும் உபதேசித்தார்கள். அதன் பின்னர் அபூதர் (ரலி) தாம் அணிந்த வகை ஆடையையே தம் ஊழியருக்கும் அணிவித்து நடந்ததைக் கண்டு ஜனங்கள் வியந்தார்கள். ஒரு வசைச்சொல்லில் ஆரம்பித்த விஷயம் உணவிலும் உடையிலும் போய் முடிந்ததைக் கவனியுங்கள். ஒருவனை எப்படி அழைக்கிறோமோ, அப்படித்தான் அவனுக்குச் சோறும் போடுகிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் பெயர் விஷயத்தில் மிகுந்த கவனம் உடையவர்கள். மாறு செய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய ஒரு பெண்ணுக்கு, அழகி என்று பொருள்படும் ஜமீலா என்ற பெயரை இட்டார்கள். கெட்ட பெயரை நல்ல பெயராக மாற்றிய நபியின் உம்மத்தாகிய நாம், தாய் தகப்பன் இட்ட நல்ல பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு நாட்டின் பெயரால் ஒருவனைக் கூப்பிடுகிறோம்!

அடுத்தது மனநிலை. சந்தேகமும் சகுனமும் வியாபாரியின் இரண்டு பழைய நோய்கள். முதல் போணி இன்னார் கையால் ஆனால் நாள் முழுதும் மந்தம் என்று நினைப்பவர் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். கடை திறந்ததும் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவரை முதுகுக்குப் பின்னால் சபிப்பவரும் இருக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் துர்ச்சகுனம் பார்ப்பதை மறுத்தார்கள். காதில் விழும் ஒரு நல்ல வார்த்தையையோ விரும்பினார்கள். விற்கும்போதும் வாங்கும்போதும், கடனைத் திரும்பக் கேட்கும்போதும் தாராள மனத்தோடு நடப்பவனுக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டித் துஆச் செய்தார்கள். துஆவின் கடைசிப் பகுதியைக் கவனித்தீர்களா? விற்கும்போது சிரிப்பது யாருக்கும் வரும். பாக்கி கேட்கும்போது சிரித்த முகம் எத்தனை பேருக்கு வருகிறது?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) மக்காவின் செல்வத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தார். ஸஃது இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். வந்தவர் அவருக்காக துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிப் பெருஞ்செல்வரானார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, தட்டுப் பயணிகளாக வந்து பினாங்குக் கரையில் இறங்கிய நம் பாட்டன்மார் கேட்டதும் சந்தைக்கு வழிதான். வழி காட்டிய மலாய்க்காரரும் சீனரும் அவர்கள் ஊரையோ நிறத்தையோ பார்த்து முகம் திருப்பியிருந்தால் நாம் இன்று எங்கே இருந்திருப்போம்? இப்போது வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வெறுங்கையோடு வந்து நம் கடைகளில் தட்டுக் கழுவும் பிள்ளைகள் அதே வழியைக் கேட்டுத்தான் நிற்கிறார்கள்.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். நாம் நாள்தோறும் தேநீர் குடிக்கும் உணவுக்கடை ஒன்று உண்டு. முதலாளி நம் நெடுநாள் நண்பர், தொழுகையாளி, தருமவான். அவரிடம் வங்காள தேசத்துத் தம்பி ஒருவன் இரண்டு வருஷமாக வேலை பார்த்து வந்தான். கடையில் எல்லோரும் அவனை ‘பங்களா’ என்றே கூப்பிட்டார்கள். ‘ஏய் பங்களா, மேசையைத் துடை’ என்பார்கள். நாமும் அப்படியே, ‘பங்களா, ஒரு தே தாரேக்’ என்றோம். எதுவும் உறுத்தவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைப்பான்.

ஓர் இரவு கல்லாவில் 200 வெள்ளி குறைந்தது. நாமும் அங்கே இருந்தோம். கடையில் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். ஆறு பேர் ஊர்க்காரர்கள். யார் மேல் சந்தேகம் விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? முதலாளி சற்றுத் தயங்கினார். அப்போது ஒரு குரல், ‘எதற்கும் அவன் பையைப் பார்த்துவிடுங்கள்’ என்றது. அந்தக் குரல் நம்முடையது. 12-வது வசனத்தை அரபியிலேயே ஓதத் தெரிந்த நாவு அது!

வாடிக்கைக்காரர்கள் பார்த்திருக்க, பையை மேசை மேல் கொட்டினார்கள். இரண்டு சட்டை, ஒரு தொப்பி, தாய்க்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். பணம் இல்லை. நோட்டைப் புரட்டினார்கள். வங்காள எழுத்தில் வரிசை வரிசையாக ஏதோ எழுதியிருந்தது. என்ன இது என்று அதட்டிக் கேட்டதும் அவன் மெதுவாகப் படித்தான்: ‘தண்ணி... சூடு... கொஞ்சம் உப்பு... நல்லா இருக்கீங்களா...’ கடையில் காதில் விழுந்த தமிழ்ச் சொற்களை அவன் தன் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் உண்மை வெளியாயிற்று. முதலாளியின் மச்சான், காய்கறிக்காரருக்குக் கொடுக்க 200 வெள்ளியைக் கல்லாவிலிருந்து எடுத்தவர், கணக்கில் எழுதவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி திருமறையின் மிக நீண்ட வசனமே இறங்கியிருக்க, நம் வீட்டு மச்சான்மார்களுக்கு மட்டும் பேனா எடுக்கக் கை வருவதில்லை.

முதலாளி நல்ல மனிதர் என்று சொன்னோமல்லவா? எல்லோர் முன்னிலையிலும் பையைக் கொட்டினேன், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பேன் என்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்கும்போது பங்களா என்று எப்படி அழைப்பது? நம் பக்கம் திரும்பி, ‘நானா, அவன் பேரு என்ன?’ என்றார். நமக்குத் தெரியவில்லை. மச்சானுக்குத் தெரியவில்லை. சமையல்காரருக்கும் தெரியவில்லை. முதலாளி உள்ளே போய் அலமாரியைத் திறந்து, பெர்மிட் காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு வந்தார். அழகிய பெயர், பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர் ஒருவருடைய பெயர். அதை இங்கே எழுத அவனிடம் சம்மதம் கேட்கவில்லை, ஆகையால் எழுதவில்லை.

முதலாளி மன்னிப்புக் கேட்டார். அன்று முதல் பின்கட்டில் தனியாக இருந்த சோற்றுப் பானையும் இல்லாது போயிற்று. எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. நாம் மட்டும் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் போய் வழக்கமான மேசையில் உட்கார்ந்தோம். அவன் எதிர்ப்பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். திரும்பவில்லை, அந்தக் கடையில் அந்தப் பெயரால் தன்னை யாரும் கூப்பிட்டுக் கேட்டிராதவன். இன்னொரு முறை கூப்பிட்டோம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

‘என்ன வேணும், நானா?’ என்றான்.