சுக்கானின் பசி

கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல். வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ள, நடுத்தரப் பாய்மரப் படகுக்கு மூன்று வாரப் பாடு. இரண்டே பேர் போகும் படகில் இரவும் பகலும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தால் உடம்பு தாங்காது. ஆட்டோபைலட் பிடித்துக்கொள்கிறது. அதற்குத் தூக்கம் இல்லை, பசி உண்டு.

*

12 வோல்ட்டில் சராசரி 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 96 ஆம்பியர்-மணி. 400 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. கையில் இருப்பது 200. விளக்கு, ரேடியோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தாலும் இரண்டு நாள்தான். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 30 கொடுத்தால் பெரிது. பாயின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தால் அதுவும் இல்லை.

*

இந்த மின்சாரம் எங்கே போகிறது? திசைகாட்டிக்கும் கணிக்கும் சில்லுக்கும் கொஞ்சம்தான். சுக்கானைத் தள்ளும் மோட்டார்தான் மிச்சத்தைத் தின்கிறது.

இரவில் பின்பக்க அறையில் படுத்தால் அந்த மோட்டார் தலைமாட்டிலேயே ஓடும். ர்ர்ர் என்று ஒரு இழுப்பு, நிற்கும்; எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. மூச்சுவிடாமல் அது கேட்டால் தவறு மேலே பாயில் இருக்கிறது. பெரும்பாய் அளவுக்கு மீறி விரிந்திருக்கும். அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். மோட்டார் அதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். சாய்ந்து நிற்கும் சுக்கான் நீரைத் தடுத்து வேகத்தையும் குறைக்கும். பெரும்பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டினால் ஒலிக்கும் ஒலிக்கும் இடையே நேரம் நீள்கிறது.

பேட்டரியைப் பெருக்குவதற்கு முன் பாயைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். படகின் நிலைகுலைவை ஆம்பியர் மானி எண்ணாகக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

*

நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் கப்பலின் தானியங்கிச் சுக்கானுக்குக் கணிதம் எழுதினார். அதற்கு அடிப்படை, சுக்கான் பிடிப்பவர்களைக் கூர்ந்து பார்த்தது. தேர்ந்தவன் விலகலை மட்டும் பார்ப்பதில்லை; கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதையும் பார்க்கிறான். திரும்பத் தொடங்கும்போதே சிறிதாகத் தடுப்பதால் பெரிதாகத் திருப்ப வேண்டியதில்லை. இன்றைய கருவியில் அந்த வேலையைச் சுழற்சி உணரி செய்கிறது. அதற்குப் பொறுமையையும் நாம்தான் அமைத்துத் தர வேண்டும். நடுக்கடலில் படகு ஐந்து பாகை இப்படி, ஐந்து பாகை அப்படிப் போய்வந்தால் குடிமுழுகாது.

*

ஜோஷுவா ஸ்லோகம் 1897-இல் தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் கீலிங் தீவுகளுக்குத் தனியாகப் போனார். அதுவும் 2,700 மைல்தான், 23 நாள். சுக்கானருகே அவர் நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. சக்கரத்தைக் கட்டிவைத்துவிட்டார்; அவருடைய படகு ‘ஸ்ப்ரே’ தானே போனது. இன்றைய படகுகளின் குட்டையான அடிக்கட்டைக்குத் திசை மாறாத அந்தப் பிடிவாதம் கிடையாது. ஆனாலும் ஆட்டோபைலட்டின் பொத்தானை அழுத்துமுன் பாய்களைச் சரிசெய்து, சக்கரத்திலிருந்து கையை எடுத்து, படகு தானாக எத்தனை அலை தாங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இரண்டு அலைக்குள் திரும்பிவிட்டால் பாயிடம் திரும்பிப் போக வேண்டும்.